நிக்கான் டி3500: சென்னைப் புழுக்கத்தில் சில வருடங்கள்

நிக்கான் டி3500 என்ற டி.எஸ்.எல்.ஆர். கேமரா இப்போது உற்பத்தியில் இல்லை. ஆனாலும் “போட்டோகிராபியைக் கொஞ்சம் தீவிரமாக ஆரம்பிக்கப் போகிறேன், செகண்ட் ஹேண்டில் இதை வாங்கலாமா?” என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் சில விஷயங்கள் தெரிந்து வாங்க வேண்டும்.

2018-ல் வந்த மாடல். 24 மெகாபிக்சல் சென்சார். பேட்டரி, கார்டு எல்லாம் போட்டும், லென்ஸ் இல்லாத பாடியின் எடை 415 கிராம்தான். மயிலாப்பூர் அறுபத்துமூவர் கூட்டத்தில் காலையிலிருந்து கழுத்தில் தொங்கினால்தான் இந்த எடையின் அருமை தெரியும். ஒரு சார்ஜில் 1,550 படம் என்பது கம்பெனி கணக்கு. திருவிழா நாளில்கூட நான் சார்ஜரை எடுத்துப் போவதில்லை.

கூட வந்த 18-55 கிட் லென்ஸ் பகலில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் என் கேமராவில் முக்கால்வாசி நேரம் மாட்டியிருப்பது ஜூம் இல்லாத 35 மி.மீ. எஃப்1.8 லென்ஸ். கிட் லென்ஸின் ஜூமை அதே 35-ல் வைத்து அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துவாரத்தை) முழுக்கத் திறந்தால் கிடைக்கும் வெளிச்சத்தைவிட இதில் ஆறேழு மடங்கு அதிகம். சாயங்கால வீதியுலாவில் தீவட்டி வெளிச்சத்தில் ஒரு முகத்தை எடுக்க இது போதும், ஃப்ளாஷ் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: இந்த பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. ‘டி’ லென்ஸை வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருப்பதற்கு அடையாளமாக ஏ.எஃப்.-எஸ். (AF-S) அல்லது ஏ.எஃப்.-பி. (AF-P) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேமராவைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது மாமல்லபுரம் அர்ஜுனன் தபசுப் பாறை. அதிகாலை வெளிச்சம்தான் உசத்தி என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே அது சரிப்படாது. பாறை கிழக்குப் பார்த்தது. சூரியன் எழும்போது வெளிச்சம் நேர் எதிரே விழுகிறது. நிறம் அழகாக இருக்கும், சிற்பமோ தட்டையாகிவிடும். பத்து, பத்தரைக்குமேல் வெயில் மேலேறிப் பாறையை உரசிக்கொண்டு இறங்கும்போது பாருங்கள். யானையின் காதோரம் நிழல் இறங்கும். அதன் கீழே முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையும், காலடியில் இருக்கும் எலிகளும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பக்கவாட்டு நிழலும் சேர்ந்துகொள்ளும். நடுப்பகல் தாண்டினால் எல்லாம் நிழலுக்குள் போய்விடும். டிரைபாட் வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். அந்த வெயிலில் அது தேவையும் இல்லை.

இனி குறைகள். வியூஃபைண்டர் காட்சியில் 95 சதவீதத்தைத்தான் காட்டும். ஓரத்தில் கண்ணுக்குப் படாத ஒயரோ கையோ படத்தில் வந்து நிற்கும், அப்புறம் வெட்ட வேண்டும். ஃபோகஸ் புள்ளிகள் 11. அவற்றில் நடுப்புள்ளி ஒன்றுதான் முழு நம்பிக்கைக்கு உரியது. வேடந்தாங்கலில் இது நன்றாகவே உறைக்கும். நீர்க்கடம்பு மரத்தில் உட்கார்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரையை 70-300 லென்ஸில் தாராளமாக எடுக்கலாம். பறக்கும் பறவையை நடுப்புள்ளியை விட்டு நகராமல் துரத்துவது பெரிய பாடு. பறவைகள்தான் உங்கள் ஆசை என்றால் இந்த பாடி வேண்டாம்.

சென்சாரைத் தானே உதறிச் சுத்தம் செய்யும் வசதியும் இதில் இல்லை. அப்பர்ச்சரைச் சுருக்கி எஃப்16-ல் வானத்தை எடுத்தால் தூசி இருக்கும் இடமெல்லாம் மங்கிய வட்டங்களாகத் தெரியும். ரப்பர் புளோயரால் ஊதினால் பெரும்பாலும் போய்விடும். வாயால் ஊதாதீர்கள்.

சென்னையில் கேமராவின் பெரிய எதிரி ஃபங்கஸ். லென்ஸ் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி படரும். முற்றினால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். நான் வைத்திருப்பது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நின்றால் நிம்மதி. நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் நிறம் திரும்பும். நீல ரகத்தில் கோபால்ட் உண்டு, அதனால் அது சமையல் வாணலியாக இருக்கக் கூடாது. தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் லென்ஸ் முழுக்க வியர்க்கும். அரை மணி நேரம் மூடிய பைக்குள்ளேயே விட்டுவிட்டு அப்புறம் திறவுங்கள்.

படங்களை ரா ஃபைலாகவே (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுக்கிறேன். திருத்த டார்க்டேபிள் என்ற மென்பொருள், அது இலவசம். பழக ஆரம்பத்தில் பொறுமை வேண்டும். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பிரதி வைத்திருக்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு மெமரி கார்டை எடுத்துப் போங்கள். ஒரு படம் எடுத்து, அந்த ஃபைலின் விவரங்களில் ஷட்டர் எண்ணிக்கை, அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று பாருங்கள். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பார்த்தால் ஃபங்கஸ் இருந்தால் தெரிந்துவிடும். டார்ச் அடிக்க விடாதவரிடம் பேரமே பேச வேண்டாம்.