நீல அச்சா, செல்போனா: வகுப்பறைக்கு எது?

படம் எடுத்துப் பாடம் நடத்த இரண்டு வழிகளைப் பார்ப்போம். கேமராவே வேண்டாத சயனோடைப் என்னும் நீல அச்சு ஒன்று, செல்போன் இன்னொன்று.

சயனோடைப்பை 1842இல் கண்டுபிடித்தவர் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசல்களைக் கலந்து, வெளிச்சம் குறைந்த அறையில் தாளில் பூசிக் காயவிட வேண்டும். மேலே ஒரு முருங்கை இலைக் கொத்து, அப்புறம் உச்சி வெயிலில் பத்து நிமிடம். தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் நீலமாகும், இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். புற ஊதாக் கதிர், இரும்பு அயனி என்று வேதியியல் அங்கே தொடங்கிவிடும். தாவரவியலுக்கும் பொருந்தும்: 1843இலேயே ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் பாசிகளை இப்படி அச்செடுத்தார். (சயனைடு என்றதும் பெற்றோர் பதறுவார்கள். கையுறை கட்டாயம், அமிலம் பக்கத்திலேயே வேண்டாம்.) ஆனால் கணக்குக்கு இதை இழுத்து வருவது வீண் சிரமம். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

செல்போன் எல்லாப் பாடத்துக்கும் வரும். ஸ்கேல் பக்கத்தில் பந்தை விழவிட்டு, விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் எடுத்தால், ஃபிரேமை எண்ணியே ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடலாம். தமிழ் வகுப்பில் கடைத்தெருப் படத்துக்கு நாலு வரி எழுதச் சொல்லலாம். தொல்லை என்னவென்றால், பிள்ளைகள் சும்மா சுட்டுத் தள்ளிவிட்டு எதையும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். ஆளுக்கு மூன்று படம்தான் என்று சொல்லிவிட வேண்டும்.

ஒன்றுதான் முடியும் என்றால் நான் செல்போன் பக்கம். அறிவியல் ஆசிரியர் மட்டும் நல்ல வெயில் நாளாகப் பார்த்து நீல அச்சுக்கு ஒதுக்கட்டும்.