1,188 வெள்ளி போச்சு: எஸ்.பி.எம். கணக்குக்கு உதவி என்று வருபவர்களிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்று இரவு 11 மணிக்கு காசு கட்டிச் சேர்ந்த அந்தக் கணக்கு உதவிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். என்னை மட்டுமில்லை, என் மகளையும். 1,188 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, "எஸ்.பி.எம். முடியும்வரை கூடவே இருப்போம்" என்று சொன்னவர்கள், மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அந்த அரசுத் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே தள்ளிவிட்டார்கள். இரவு முழுக்கத் தூக்கமில்லை. இன்று அவசர விடுப்பு எடுத்துப் போய் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஐந்தாம் படிவத்தில் பிள்ளை இருக்கும் எல்லா வீட்டுக்கும் இது போகணும். பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. புகார் அதன் வழியில் போகட்டும். ஆனால் எப்படிப்பட்ட ஆட்கள் என்று சொல்கிறேன். பிள்ளை தனக்குத் தெரியாத கணக்கைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். 30 நிமிடத்துக்குள் ஓர் ஆசிரியர் அதைப் படிப்படியாகச் செய்து, குரல் பதிவில் தமிழிலேயே விளக்கி, திருப்பி அனுப்புவார். வாரத்தில் இரண்டு இரவு நேரலை வகுப்பு. கணிதம், கூடுதல் கணிதம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். இதுதான் விளம்பரம்.

அந்தத் "தமிழிலேயே" என்ற சொல்தான் என்னைப் பிடித்து இழுத்தது. என் மகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஆறு வருடம் கணக்கைத் தமிழில் படித்து, வாய்ப்பாட்டைத் தமிழில் சொல்லி, எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்கியவள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாம் மலாய். எப்படியோ சமாளித்து வந்தாள். நான்காம் படிவத்தில் பொறியியல் ஆசையில் கூடுதல் கணிதம் எடுத்தாள், அங்கேதான் சறுக்கியது. லாக், வெக்டர், தொடர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. ஆண்டிறுதித் தேர்வில் 31 மதிப்பெண். வகுப்பில் 38 பேர், எழுந்து சந்தேகம் கேட்க அவளுக்குக் கூச்சம். வீட்டில் கேட்கவும் ஆளில்லை. நான் பட்டர்வொர்த்தில் இருந்து பினாங்குப் பாலத்தைத் தாண்டி பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறேன். காலை 5.15-க்கு பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். அவள் அப்பா லோரி ஓட்டுகிறார், வாரத்தில் நாலு நாள் ஜொகூர் பக்கம். பக்கத்து டியூஷன் நிலையத்துக்கு அழைத்துப் போய்க் கூட்டிவர யாருமில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் இப்படிப்பட்ட விளம்பரம் வந்து சேர்கிறது.

பணம் கட்டுவதற்கு முந்தைய அந்த இரவைப் பற்றிச் சொல்லியே ஆகணும். ஏமாந்தது அங்கேதான்.

இலவசமாக ஒரு காணொளி அழைப்பு தந்தார்கள். முப்பது வயது இருக்கும், சட்டை போட்டு, பின்னால் வெள்ளைப்பலகை வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். "அக்கா, சாப்பிட்டாச்சா? இப்பதான் வேலை முடிஞ்சு வந்தீங்களா?" என்று முதலில் என்னைத்தான் கேட்டார். அப்புறம் மகளுக்கு மூன்று கணக்குகளை அனுப்பி, "இதில் உனக்குக் கஷ்டமானதை எடும்மா" என்றார். அவள் வகையிடலில் வரும் பெட்டிக் கணக்கை எடுத்தாள். பக்கம் 12 சென்டிமீட்டர் உள்ள சதுர அட்டை. நான்கு மூலையிலும் ஒரே அளவுச் சதுரத்தை வெட்டியெடுத்து, மடித்து, மூடியில்லாத பெட்டி செய்யணும். எவ்வளவு வெட்டினால் பெட்டி அதிகம் கொள்ளும்?

அவர் பலகையில் எழுதவே இல்லை. ஓர் அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் மூலையை வெட்டி, எங்கள் கண்ணெதிரே மடித்துக் காட்டினார். "மூலையில் எக்ஸ் வெட்டினா, அடிப்பக்கம் 12-லிருந்து ரெண்டு எக்ஸ் போகும், உயரம் எக்ஸ். புரியுதா?" பிறகுதான் கணக்குக்கே வந்தார். வகையிட்டால் இரண்டு விடை வரும், 2 அல்லது 6. "ஆறு வெட்டினா என்ன ஆகும் சொல்லு" என்று கேட்டார். மகள் ஒரு நொடி யோசித்து, "அட்டையே மிஞ்சாது சார்" என்றாள். "அவ்வளவுதான், அதைத் தள்ளிடு. ரெண்டு வெட்டினா 128 கன சென்டிமீட்டர். முடிஞ்சது." என் மகள் சிரித்தாள். கூடுதல் கணிதப் புத்தகத்தைப் பார்த்து அவள் சிரித்து ஒரு வருடம் ஆகியிருக்கும். எட்டாம் வகுப்புகூடப் படிக்காத எனக்கே அந்தக் கணக்கு புரிந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே நான் முடிவு செய்துவிட்டேன். "தங்கச்சிய என் சொந்தத் தங்கச்சி மாதிரி பார்த்துக்குவேன் அக்கா" என்று அவர் சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் கொடுத்த மூன்றில் ஒன்றைத்தான் அவள் எடுத்தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. அவளுடைய புத்தகத்திலிருந்து ஒரு கணக்கையாவது கேட்டிருக்கலாம். அன்றைக்கு அவளுக்கு வட்ட அளவையில்தான் பிரச்சினை, அது மேசைமேலேயே திறந்து கிடந்தது.

"இன்று இரவு 12 மணிக்குள் கட்டினால் 1,188 வெள்ளி, நாளைக்கு 1,980" என்றார். கூட்டில் (சீட்டில்) என் முறை வந்து எடுத்த பணம் கையில் இருந்தது. தீபாவளிக்கும் மகனின் பள்ளிச் செலவுக்கும் வைத்திருந்தது. டுயிட்நவ்வில், அதாவது கைப்பேசி வழி வங்கிப் பணப் பரிமாற்றத்தில், அனுப்பும்போது திரையில் கம்பெனி பெயர் வரவில்லை, ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "நம்ம கணக்காளர் பேருதான் அக்கா, கம்பெனி எக்கவுண்ட் இன்னும் ரெடியாகல" என்றார். சரி தம்பி என்று அனுப்பிவிட்டேன். 1,188 வெள்ளி. என் ஓவர்டைமில் எத்தனை சனி, ஞாயிறு அது என்று எனக்குத்தான் தெரியும்.

முதல் இரண்டு வாரம் ஒழுங்காகப் பதில் வந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து குரல் பதிவு நின்றது, தட்டச்சு செய்த விடை மட்டும். 30 நிமிடம் 6 மணி நேரமாகி, பிறகு மறுநாள் ஆனது. நேரலை வகுப்பு இரண்டு தடவை நடந்தது, அதோடு சரி. அட்டை வெட்டிக் காட்டியவரை அதற்கப்புறம் நாங்கள் பார்க்கவே இல்லை.

தாமதத்தைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அவர்கள் அனுப்பிய விடைகளே தப்பு. ஆரம் 10 சென்டிமீட்டர், கோணம் 60 பாகை, வில்லின் நீளம் என்ன என்று ஒரு கணக்கு. ஆரத்தைக் கோணத்தால் பெருக்கு என்று சொல்லி, 600 சென்டிமீட்டர் என்று அனுப்பியிருக்கிறார்கள்! கோணத்தை முதலில் ரேடியனுக்கு மாற்றணும் என்ற ஒரு வரி அதில் இல்லை. மாற்றினால் ஏறக்குறைய 10.47 சென்டிமீட்டர். அந்த வட்டத்தை முழுதாகச் சுற்றி வந்தாலே 63 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும், அதில் ஒரு துண்டு எப்படி 600 ஆகும்? இன்னொன்று, தொகையிடல். வளைகோட்டின் சாய்வு 2எக்ஸ் − 3, அது (1, 4) என்ற புள்ளி வழியாகப் போகிறது, சமன்பாடு என்ன என்று கேள்வி. கடைசியில் சேர்க்க வேண்டிய மாறிலியை விட்டுவிட்டு அனுப்பியிருந்தார்கள். எக்ஸுக்கு 1 போட்டுப் பார்த்தால் 4 வரணும், அவர்கள் விடையில் −2 வருகிறது. மாறிலி 6. போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது, அதைக்கூடச் செய்யவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். முன்னோட்டத் தேர்வில் அவள் 27 வாங்கினாள். உதவி வாங்குவதற்கு முன் 31, வாங்கிய பிறகு 27. பள்ளியில் கணக்கு டீச்சர், சீனப் பெண்மணி, அவளைத் தனியாகக் கூப்பிட்டு இப்படிச் செய்ய யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறார். அவள் நோட்டைக் காட்டியிருக்கிறாள். அந்த நோட்டில் தப்பான வழிகளைச் சிவப்பு, நீல மையில் அழகாகப் படியெடுத்து, சூத்திரங்களைக் கட்டம் கட்டி, மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் என் பிள்ளை. விடை புத்தகத்தோடு ஒத்துவராதபோதெல்லாம் தன் தலையில்தான் கோளாறு என்று நினைத்திருக்கிறாள். "எனக்குத்தான் மூளையில்லம்மா" என்று இரண்டு தடவை என்னிடம் சொன்னாள். நானும் "கவனமாகப் படி" என்றுதான் சொன்னேன். அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் இரண்டு தாள். முதல் தாள் 2 மணி நேரம், 80 மதிப்பெண். இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 100 மதிப்பெண். செய்முறையை எழுதிக் காட்டணும், கடைசி விடை தவறினாலும் சரியான வழிக்கு மதிப்பெண் கிடைக்கும் என்று டீச்சர் சொன்னார். சுமாராகப் படிக்கிற பிள்ளைகள் அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் தேறுகிறார்கள். அந்த வழியையே கெடுத்துவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் நாள், "சிஸ்டம் அப்கிரேட் நடக்குது அக்கா, கொஞ்சம் பொறுங்க." நான்கு நாள் கழித்து, படம் தெளிவாக இல்லாததால் விடை தவறியிருக்கலாம் என்றார்கள். அதே படத்தைத் திரும்ப அனுப்பினேன், ஓர் எழுத்துகூட மங்கலில்லை. பதிலில்லை. பிறகு வேறு ஓர் ஆள் மலாயில் எழுத ஆரம்பித்தார். அதுவரை அக்காவாக இருந்த நான் அன்றிலிருந்து "புவான்", அதாவது மேடம். பணப் பிரிவு 14 வேலைநாளில் தொடர்புகொள்ளும், ஹராப் மக்லும் (தயவுசெய்து கவனத்தில் கொள்ளவும்) என்று எழுதினார். 14 வேலைநாள் எண்ணிக் காத்திருந்தேன். பதினைந்தாவது நாள் கேட்டதற்கு, கட்டிய பணம் திரும்பாது என்பது விதிமுறையில் இருக்கிறது என்றார்கள். எந்த விதிமுறை, எங்கே காட்டினீர்கள் என்று கேட்டேன். நீல நிற டிக் விழுந்தது, பதில் வரவில்லை. நேற்று மாலை குழுவிலேயே எழுதினேன்: "நான் 1,188 வெள்ளி கட்டினேன், என் பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள், மற்ற பெற்றோரும் விடைகளைச் சரிபாருங்கள்." ஈப்போவிலிருந்து ஓர் அம்மா, தனக்கும் இதே கதைதான் என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் அவர் எழுதியது அழிந்தது. 11 மணிக்கு நாங்கள் வெளியே.

இன்று காலை வங்கிக்கு அழைத்தேன். பணம் போய் மூன்று மாதம் ஆகிறது, நானே விரும்பி அனுப்பியது, திருப்பி எடுக்க வழியில்லை என்றார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று ஒரு தோழி சொன்னாள், மலாயில் திரிபுனால் துந்துத்தான் பெங்குனா. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீலும் வேண்டாம். ஆனால் மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுதணும். என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும், வங்கிக் கணக்கில் இருந்த ஓர் ஆளின் பெயரும்தான். 1,188 வெள்ளி கொடுத்த இடத்துக்கு ஒரு முகவரி கேட்டு வைத்துக்கொள்ளவில்லை நான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கோர்வையாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பெனி என்று சொல்லிவிட்டுத் தனி ஆள் பெயருக்குப் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். அனுப்பும் முன் அந்தக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். மாதா மாதம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். சோதித்துப் பார்ப்பதென்றால் உங்கள் பிள்ளையின் புத்தகத்திலிருந்து, பின்னால் விடை உள்ள கணக்காகக் கொடுங்கள். ஏமாந்தது தெரிந்தால் உடனே தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், பணம் வேறு கணக்குக்குத் தாவுவதற்குள். என்னைப்போல் மூன்று மாதம் பொறுமையாக இருக்காதீர்கள்.

மகள் இப்போது புதன்கிழமை பள்ளி முடிந்து அந்த டீச்சரிடமே உட்காருகிறாள். டீச்சர் ஒரு காசு வாங்கவில்லை. பழைய நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, வட்ட அளவையை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்.

இன்னொன்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சுங்கை பட்டாணியில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "நல்லா இருக்கே, உன் பொண்ணுக்குச் சேர்க்கலாமா?" என்று கேட்கிறாள். பெயர் வேறு, கைப்பேசி எண் வேறு, விலை 988 வெள்ளி. காணொளியில் அதே வெள்ளைப்பலகை, அதே ஆள், கையில் கத்தரிக்கோல், 12 சென்டிமீட்டர் அட்டை. இந்தக் காணொளி உங்களுக்கும் வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள். தேதியும் எண்ணும் தெரியும்படி படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். நாளைக் காலை புகாரோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன்.