அப்புத்தளைக்கு அப்பால், பெயர்ப் பலகை இல்லாத ஒரு தங்கும் வீடு

தங்குமிடம் தேடி எங்கள் வீட்டுக் கம்பித் தொலைபேசியில் பேசும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் வைஃபை இருக்கிறதா, இரவில் அதை நிறுத்தி வைப்பீர்களா? மூன்று இடங்களில் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். இந்த வீட்டு அக்கா, "இங்கே அது இல்லை அம்மா. வேறு என்ன உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். நான் தாளில் எழுதிக் கொடுத்ததைத் தம்பி மகன் தட்டச்சு செய்து பதிவிடுகிறான்.

கொட்டகலையில் கணிதம் படிப்பித்தவள் நான். என் வகுப்பறையை ஒட்டிக் கணினி அறை வந்த வருடத்தில் உச்சந்தலையில் எறும்பு ஊர்வது போலத் தொடங்கியது. பிறகு முகத்தில் எரிவு, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை. பரிசோதனைகளில் ஒன்றும் அகப்படவில்லை. வைஃபை, கைத்தொலைபேசி, மின் கருவிகள் போன்றவற்றின் அலைகள் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உணரும் இந்த நிலையை மின்காந்த மிகை உணர்திறன் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட தகவல் குறிப்பு, அறிகுறிகள் மெய்யானவை என்கிறது. அவற்றை மின்காந்தப் புலங்களோடு இணைக்க அறிவியல் அடிப்படை இல்லை என்றும் சொல்கிறது. அலை எப்போது வருகிறது என்பதைச் சொல்லாமல் நடத்திய சோதனைகளில் எங்களைப் போன்றவர்களால் அது இருக்கிறதா இல்லையா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. இதை நான் மறைக்கவில்லை. ஒரு மருத்துவர் சொல்லித் தந்த மூச்சுப் பயிற்சி எனக்குக் கொஞ்சம் கைகொடுத்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் பத்து மணிக்குப் படுத்து விடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவளும் நான்தான். வேலையை விட்டவளும் நான்தான்.

ஹட்டனிலிருந்து ரயிலில் போனேன். பெட்டியில் ஆளுக்கொரு கைத்தொலைபேசி. பாதி வழி கதவோரம் நின்றேன். ஒகியா நிலையத்தைத் தாண்டியதும் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் இருட்டியவுடன் பிள்ளைகள் கூக்குரல் போட்டார்கள், பெரியவர்கள் திரையிலிருந்து தலை நிமிர்ந்து சிரித்தார்கள். அப்புத்தளையில் இறங்கி முச்சக்கர வண்டியில் தோட்டப் பாதை வழியே நாற்பது நிமிடம். மலையின் பின்புறச் சரிவில், ஒரு பள்ளத்துக்குள் வீடு. சாரதி தன் தொலைபேசியைப் பார்த்துவிட்டு, "இங்கே ஒரு கோடுகூட வராது" என்று வருத்தமாகச் சொன்னார். எனக்கு அது நல்ல செய்தி.

அக்காவின் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்து இளைப்பாறியவர். நான் பையிலிருந்து என் பழைய டிரான்சிஸ்டரை எடுத்து, மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, அறையைச் சுற்றி நடந்தேன். மின் உபகரணங்களின் இரைச்சலை அது சத்தமாகக் காட்டிக்கொடுக்கும். கட்டில் பக்கம் அமைதி. விறாந்தையில் இருந்த எல்.ஈ.டி. விளக்கின் கீழே வண்டு சுற்றுவது போல இரைந்தது. அந்த அண்ணன் என்னிடமிருந்து வானொலியை வாங்கி, தானும் அதே இடத்தில் மேலும் கீழும் தூக்கிப் பார்த்தார். "ஆமாம், இரைகிறது" என்றார். பேசாமல் ஏணியைக் கொண்டுவந்து, அந்த விளக்கைக் கழற்றிவிட்டுப் பழைய குண்டு பல்பு ஒன்றை மாட்டினார்.

முதல் இரவு எனக்காக முழு வீட்டின் டிரிப் சுவிட்சையும் இறக்கிவிட்டார்கள். காலையில் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பால் திரிந்திருந்தது. எனக்கு மிகவும் கூச்சமாகப் போய்விட்டது. அண்ணன் அன்று மத்தியானம் இரண்டு துண்டு வயரும் ஒரு சிறிய சுவிட்சும் எடுத்து, என் அறைக்கு மட்டும் தனி இணைப்புப் பிரித்துவிட்டார். அதன் பிறகு ஒன்பது மணிக்கு என் அறை மட்டும் இருளும். மேசையில் குப்பி விளக்கு எரியும். சமையலறையில் பால் கெடாமல் இருக்கும்.

அந்த வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அரசாங்கப் படிவம் ஒன்று நினைவுக்கு வந்தது. சமூக சேவை உதவிக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "கையா, காலா, கண்ணா?" என்று கேட்டார்கள். எதுவும் இல்லை என்றதும் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். நம் நாட்டின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இயலாமைக்கு நோய்ப் பட்டியல் போடவில்லை. உடல் அல்லது மனத் திறனில் உள்ள குறையினால் ஒருவர் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்ற முடியாமல் இருப்பதைத்தான் பார்க்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதில் நியாயமான வசதி ஏற்பாடு என்று ஒன்று உண்டு: ஆளுக்கு ஏற்ற மாற்றத்தை, மற்றவர்மேல் அளவுக்கு மீறிய சுமை ஏற்றாமல் செய்து கொடுப்பது. அண்ணன் அந்தச் சமவாயத்தைப் படித்திருக்க மாட்டார். அவர் செய்தது அதையேதான், இரண்டு துண்டு வயரில்.

பிரான்சில் 2015இல் துலூஸ் நீதிமன்றம் ஒன்று இப்படிப்பட்ட பெண்ணொருவருக்கு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு வழங்கச் சொன்னது. காரணத்தை விஞ்ஞானிகள் ஆராயட்டும், நானும் காத்திருக்கிறேன். அதுவரை நான் சமைக்கவும் நித்திரை கொள்ளவும் சம்பாதிக்கவும் முடியாமல் இருப்பதை யாராவது ஒரு தாளில் எழுதி முத்திரை குத்த வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வருகிறேன். மூன்றாம் இரவு ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில் உறங்கினேன். அதற்குக் காரணம் குளிரா, அமைதியா, அலை இல்லாததா என்று நான் பிரித்துச் சொல்லப் போவதில்லை. காலையில் அக்கா தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீரும் கொண்டுவந்து வைத்து, "முகம் தெளிந்திருக்கிறது டீச்சர்" என்றார். சாப்பாடு தாராளம், இரவில் சோறும் பருப்பும் ஏதாவது ஒரு கீரையும். எனக்கு ஓர் இரவுக்கு, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு 3,500 ரூபாய் வாங்கினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கழிப்பறை வெளியே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் குளிரில் போய்வருவது வயதானவர்களுக்குக் கஷ்டம். பாதையிலிருந்து வீட்டுக்கு இறங்க மண்ணில் வெட்டிய முப்பத்தெட்டுப் படிகள், கைப்பிடி இல்லை, மழையில் வழுக்கும், அட்டையும் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவர் இங்கே வரவே முடியாது. இதை அக்காவிடம் நேரடியாகச் சொன்னேன். ஒரு பக்கமாவது கைப்பிடி வைக்கச் சொல்லி அண்ணனிடம் அவர் அப்போதே பேசினார். தகரக் கூரை என்பதால் மழை இரவுகளில் சத்தம் காதைப் பிடுங்கும்.

சனிக்கிழமை அடுத்த அறைக்கு நான்கு இளைஞர்கள் வந்தார்கள். ஒரு சிறிய ஒலிபெருக்கியைத் தொலைபேசியோடு புளூடூத்தில் இணைத்துப் பாட்டுப் போட்டார்கள். எனக்கு முகம் எரியத் தொடங்கியதும் தோட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். அக்கா அவர்களிடம் என்ன கதைத்தாரோ, கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் வந்து, "எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம் அன்ரி, உள்ளே வாருங்கள்" என்றான். ஏன், எதற்கு, நிரூபியுங்கள் என்று அவன் கேட்கவில்லை.

போக விரும்புகிறவர்கள் பகலில் போய்ச் சேருங்கள். இருட்டில் அந்தப் படிகளில் இறங்க வேண்டாம். மண்ணெண்ணெய் வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் மெழுகுவர்த்தி கொண்டு போகலாம். கம்பளி அவர்களிடம் இரண்டுதான் இருந்தது. மூன்றாவதை நான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், நீலக் கரை போட்டது, அக்காவிடம் கேட்டால் தருவார்.