காரில் துப்பாக்கி: முதலிலேயே சொல்வதா, கேட்டால் சொல்வதா?

அமெரிக்காவில் லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு, போலீஸ் வண்டியை ஓரங்கட்டச் சொன்னதும் வரும் குழப்பம் இது.

சட்டம்
முதலிலேயே: மிச்சிகனில் மறைத்து வைத்திருந்தால் உடனே சொல்லியாக வேண்டும்.
கேட்டால்: மினசோட்டாவில் இது போதும். ஒஹாயோவும் 2022-ல் இதற்கு மாறிவிட்டது.

நம்பிக்கை
முதலிலேயே: திடீரென இடுப்பில் துப்பாக்கியைக் கண்டு அதிகாரி பதற வாய்ப்பு குறைவு. ஆனால் 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞர், கேட்காமலேயே மரியாதையாகச் சொன்னார். சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட அதிகாரியை 2017-ல் ஜூரி விடுவித்தது.
கேட்டால்: டெயில் லைட் எரியவில்லை என்பது போன்ற சின்ன விஷயத்துக்கு நிறுத்தியிருந்தால், துப்பாக்கிப் பேச்சே வராமல் அபராதச் சீட்டோடு முடிந்துபோகலாம்.

சொல்லும் விதம் (இதுதான் முக்கியம்)
இரண்டுக்கும் ஒன்றே: கைகள் ஸ்டியரிங் மேல், இரவானால் உள்விளக்கு எரியட்டும். "கன்" என்று தொடங்காதீர்கள். "லைசென்ஸ் இருக்கிறது" என்று தொடங்குங்கள். அதிகாரி சொல்லும்வரை எதற்கும் கை நீட்டாதீர்கள்.

வண்டிப் பேப்பரும் துப்பாக்கியும் ஒரே பெட்டியில் என்றால் முதலிலேயே சொல்வது நல்லது. தனித்தனியாக இருந்து, மாநிலச் சட்டமும் அனுமதித்தால், கேட்டால் போதும். கறுப்பின ஓட்டுநருக்கு மட்டும் இதில் எதையும் நான் அடித்துச் சொல்லமாட்டேன்.