பவர் சப்ளையை மாற்றுவதா, கேபிள் கேட்காத கார்டை வாங்குவதா?

ரெடிமேட் டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு போட இரண்டு வழி உண்டு.

கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையை மாற்றினால், அதிக மின்சாரம் கேட்கும் பெரிய கார்டே போடலாம். சப்ளையிலிருந்து கார்டுக்குப் போகும் ஒரே ஒரு 8 பின் (எட்டு முனை) இணைப்பே 150 வாட் வரை தரும். ஆனால் வாங்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். மதர்போர்டுக்குப் போகும் முக்கிய கேபிளில் வழக்கமான 24 பின் இருக்கிறதா? பல பிராண்டட் கணினிகளில் அந்த நிறுவனத்துக்கே உரிய இணைப்புதான் இருக்கும். அதற்கு அடாப்டர் தேடினால், சரியாக அந்த மாடலுக்கு உரியதையே வாங்க வேண்டும். பின்களின் வரிசை மாறினால் போர்டே போய்விடும். ஒல்லிப் பெட்டி என்றால் சாதாரண ஏடிஎக்ஸ் (டெஸ்க்டாப்புகளுக்கான வழக்கமான அளவு) சப்ளை உள்ளேயே நுழையாது.

அப்படிப்பட்ட பெட்டிக்கு நான் இரண்டாவது வழியையே சொல்வேன்: தனி மின்கேபிள் கேட்காத, உயரம் குறைந்த கார்டு. மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள்ளேயே ஓடிவிடும். வேகம் கொஞ்சம் குறைவுதான். இருக்கும் சப்ளையின் லேபிளில், 12 வோல்ட்டில் அது எவ்வளவு மின்சாரம் தரும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.