கிலுகிலுப்பையை எந்த அலமாரியில் வைப்பது?

1887-இல் வாஷிங்டன் அருங்காட்சியகம் ஒன்றை முன்வைத்து ஒரு சண்டை நடந்தது. காப்பாளர் ஓடிஸ் மேசன் பல இனக்குழுக்களின் பொருட்களை வகைவாரியாக அடுக்கியிருந்தார்: வில்லெல்லாம் ஓரிடம், பானையெல்லாம் ஓரிடம், எளியதில் தொடங்கி நுட்பமானது வரை. மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் இதை ஏற்கவில்லை. கிலுகிலுப்பையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஓரிடத்தில் அது ஆவிகளை அழைக்கவோ விரட்டவோ எழுப்பும் ஓசை. இன்னோரிடத்தில் வெறும் குழந்தை விளையாட்டு. தோற்றம் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால், பொருள் கண்ணாடிக்குள் இருக்கும். அதன் பொருள் காணாமல் போயிருக்கும்.

பண்பாட்டுச் சார்பியலின் பலம் எல்லாம் இந்தக் கிலுகிலுப்பைக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு வழக்கத்தை அதைக் கைக்கொள்பவர்களின் உலகத்துக்குள் வைத்துப் பார்க்கச் சொல்கிறது அது. ஆய்வு முறை என்ற அளவில் இதற்கு ஈடான போட்டியாளர் இல்லை என்பேன். எதிர்த்தரப்பான, எல்லாப் பண்பாடுகளையும் ஒரே அளவுகோலால் அளக்கும் பொது அளவுகோல்வாதத்தின் பழைய கணக்கைப் பார்த்தாலே போதும்: படிக்கட்டு ஒன்றை வரைந்து, வரைந்தவர்கள் தங்களையே உச்சிப்படியில் உட்கார வைத்துக்கொண்டார்கள். பேரரசுகளுக்கு அந்தப் படம் மிகவும் வசதியாக இருந்தது.

ஆனால் ‘புரிந்துகொள்’ என்பது ‘தீர்ப்புச் சொல்லாதே’ என்று மாறும் இடத்தில் சார்பியலுக்குக் கால் இடறுகிறது. 1947-இல் அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு ஐக்கிய நாடுகள் சபைக்கு ஓர் அறிக்கை அனுப்பியது. மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் பெரும்பங்கு வகித்து எழுதிய அறிக்கை அது. வரவிருக்கும் மனித உரிமைப் பிரகடனம் மேற்கு ஐரோப்பா, அமெரிக்காவின் விழுமியங்களை மட்டும் பேசினால் எல்லா மனிதர்களுக்கும் எப்படிப் பொருந்தும் என்று அது கேட்டது. நியாயமான கேள்வி. நாஜி ஜெர்மனி தோற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனால் குடிமக்களின் பங்கேற்பை மறுக்கும், பலவீனமான மக்களை வெல்ல முனையும் அரசுகளுக்கு மட்டும் அறிக்கை ஒரு விலக்கு வைத்தது. சக மானிடவியலாளர் ஜூலியன் ஸ்டீவர்ட் அதைத்தான் பிடித்துக்கொண்டார்: எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஜெர்மனியை வெளியேற்ற மட்டும் ஒரு சந்து வைத்திருக்கிறீர்களே! அந்தச் சந்தின் வழியாகப் பொது அளவுகோல் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. தவிர, ‘பிற பண்பாடுகளை மதிக்க வேண்டும்’ என்ற கட்டளை யாருக்கு? எல்லோருக்கும் என்றால் அதுவே ஒரு பொதுவிதி அல்லவா?

சார்பியலாளர்கள் விரும்பி எடுக்கும், பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் கதையும் எனக்கு வேறு விதமாகத்தான் படுகிறது. பாரசீக மன்னன் டேரியஸ் கிரேக்கர்களிடம், எவ்வளவு பணம் தந்தால் இறந்த தந்தையைத் தின்பீர்கள் என்று கேட்கிறான். எதற்கும் மாட்டோம் என்கிறார்கள். பிறகு, பெற்றோரின் உடலை உண்ணும் கல்லாத்தியர் என்ற இனத்தாரிடம், கிரேக்கர்களைப் போல அதை எரிக்க என்ன விலை என்கிறான். அப்படிப் பேசவே கூடாது என்று அவர்கள் அலறுகிறார்கள். வழக்கமே அரசன் என்று முடிக்கிறார் ஹெரோடோட்டஸ். அந்த அவையில் நின்ற மொழிபெயர்ப்பாளரை மட்டும் பலரும் கவனிப்பதில்லை. அந்த அலறல் ஏன் என்பது கிரேக்கர்களுக்குப் புரிந்தது. செத்தவருக்குச் செய்ய வேண்டியது என்று ஒன்று இருப்பதாக இரு தரப்புமே நம்பியதால்தான் புரிந்தது. உலகங்கள் முற்றிலும் மூடுண்டவை என்றால் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

அமெரிக்கத் தத்துவவாதி மார்த்தா நுஸ்பாம் தந்த 10 மனிதத் திறன்களின் பட்டியல் போன்ற நடுவழிகளும் உண்டு. எவை வேண்டும் என்று சொல்லி, எப்படி என்பதை அந்தந்தச் சமூகத்திடம் விடும் ஏற்பாடு. எனக்கு உவப்பானதுதான், பட்டியல் போட்டது யார் என்ற கேள்வி மட்டும் அதையும் விடாது.

இரு தரப்புமே அவசரமாகக் கடந்துபோகும் கேள்வி ஒன்று உண்டு: பண்பாட்டின் சார்பில் பேசுபவர் யார்? 1948 டிசம்பர் 10 அன்று பிரகடனத்துக்கு ஆதரவாக 48 வாக்குகள், எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் நடுநிலை வகித்தன. அந்த எட்டில் ஒன்றான சவூதி அரேபியாவுக்கு மதம் மாறும் உரிமை உறுத்தலாக இருந்தது. அதே உரிமையைக் குர்ஆனை மேற்கோள் காட்டி ஆதரித்தார் பாகிஸ்தானின் ஜஃப்ருல்லா கான். ஒரே வேதம், ஒரே அவை, இரண்டு குரல்கள். இதில் எதைப் ‘பண்பாட்டின் குரல்’ என்று சார்பியலாளர் குறித்துக்கொள்வார்? வரைவில் இருந்த ‘எல்லா ஆண்களும்’ என்று படிக்க இடம் தந்த சொல்லை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. பொதுமை என்ற பெயரில் வந்த வாசகத்தைப் பொதுவாக்கக் கூட மேற்குலகுக்கு வெளியிலிருந்து ஒருவர் தேவைப்பட்டார்.

1947 அறிக்கையை அனுப்பிய அதே சங்கம், 52 ஆண்டுகள் கழித்து 1999-இல் மனித உரிமைகளை ஏற்று ஒரு பிரகடனம் வெளியிட்டது. வேறுபட்டிருக்கும் உரிமையையும் அந்த உரிமைகளுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது.