டெபியன்: ஸ்டேபிளா, டெஸ்டிங்கா, சிட்டா?

1993 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற இயங்குதளமான டெபியன் ஒரே நேரத்தில் மூன்று கிளைகளாகக் கிடைக்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியாகி, அதன்பின் பதிப்பு எண்கள் பெரும்பாலும் அசையாமல் நிற்பது ஸ்டேபிள். புதிய பொதிகள் (நிறுவத் தயாராகக் கட்டப்பட்ட மென்பொருள்கள்) முதலில் வந்து இறங்குவது அன்ஸ்டேபிள். சிட் என்பது அதன் நிரந்தரப் பெயர். இரண்டுக்கும் நடுவே, அடுத்த ஸ்டேபிளாக உருவாகிக்கொண்டிருப்பது டெஸ்டிங். சர்வருக்கு ஸ்டேபிள், வீட்டுக் கணினிக்கு டெஸ்டிங், துணிந்தவர்களுக்கு சிட் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் அறிவுரை. அதன் முதல் பகுதியிலும் கடைசிப் பகுதியிலும் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை, நடுப்பகுதிதான் இடிக்கிறது.

முதலில் ஸ்டேபிள். 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13, அதாவது டிரிக்ஸி, 6.12 வரிசைக் கெர்னலோடும் (வன்பொருளை இயக்கும் மையநிரல்) க்னோம் 48, பிளாஸ்மா 6.3 ஆகிய மேசைச்சூழல்களோடும் ஏறத்தாழ 70,000 பொதிகளோடும் வந்தது. 2028 ஆகஸ்ட் வரை முழு ஆதரவும், அதன்பின் 2030 ஜூன் வரை நீண்டகால ஆதரவும் அதற்கு உண்டு. இந்தக் காலத்தில் வருபவை பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் கடுமையான வழுக்களுக்கான திருத்தங்களும்தான். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். ஒரு மென்பொருளின் பதிப்பு எண் பழையதாக இருப்பதைப் பார்த்து, அதில் உள்ள ஓட்டைகளும் அடைபடாமல் கிடக்கின்றன என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில், புதிய பதிப்பில் வந்த திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பின் நிரலில் பொருத்தித் தருவதே டெபியனின் வழக்கம். எண் அப்படியே இருக்கும், ஓட்டை அடைபட்டிருக்கும். உலாவிகள் இதற்கு முக்கியமான விதிவிலக்கு. பயர்பாக்ஸின் இஎஸ்ஆர் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பும் குரோமியமும் ஸ்டேபிளுக்குள்ளேயே புதுப்பிக்கப்படுகின்றன, ஏனென்றால் ஓர் உலாவியை மூன்றாண்டுகள் பழைய நிலையில் வைத்துப் பாதுகாப்பது நடைமுறையில் இயலாத காரியம்.

இதற்குக் கொடுக்கும் விலையும் சிறியதன்று. பிளாஸ்மா 6 வெளியானது 2024 பிப்ரவரியில். டெபியன் 12 பயனர்களோ 2025 ஆகஸ்டு வரை 5.27-லேயே இருந்தார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் புதிய வன்பொருள். கெர்னல் உறைந்த பிறகு சந்தைக்கு வந்த மடிக்கணினியில் வைஃபையோ கிராஃபிக்ஸோ முதல் நாளே முரண்டு பிடிக்கலாம். நிறுவல் வட்டில் ஃபர்ம்வேர் (சில்லுகளுக்குள் ஏற்றப்படும் சிறுநிரல்) இல்லாத பழைய தொல்லை டெபியன் 12-லேயே தீர்ந்துவிட்டது, ஆனால் கெர்னலுக்கே தெரியாத சில்லுக்கு ஃபர்ம்வேர் இருந்தும் பயனில்லை.

ஸ்டேபிள் என்றால் வழுவே வராது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2023 டிசம்பரில் டெபியன் 12-இன் திருத்தத் தொகுப்பான 12.3 வெளியாக வேண்டிய வேளையில், அதில் சேர்ந்திருந்த 6.1.64 கெர்னல் இஎக்ஸ்டி4 கோப்பமைப்பில் தரவைச் சிதைக்கக்கூடும் என்பது தெரியவந்தது. வேறு இடத்திலிருந்து எடுத்துப் பொருத்திய ஒரு திருத்தம், அது சார்ந்திருந்த இன்னொரு மாற்றம் இல்லாத கெர்னலில் போய் அமர்ந்ததே காரணம். வட்டுப் படிமங்களின் வெளியீட்டை நிறுத்திவைத்து, சரிசெய்த கெர்னலோடு உடனே 12.4-ஐ வெளியிட்டார்கள்.

சிட் இதற்கு நேரெதிர். மூல நிரலாக்கர்கள் புதிய பதிப்பை வெளியிட்ட சில நாட்களில், சில சமயம் சில மணி நேரங்களில், அது சிட்டுக்கு வந்துவிடும். அன்றாடம் அது பெரும்பாலும் ஒழுங்காகவே இயங்கும். ஆபத்து பெரிய மாற்றங்களின்போதுதான். 2024-இன் முதற்பாதியில், 32 பிட் கட்டமைப்புகள் 2038-ஐத் தாண்டியும் நேரத்தைச் சரியாகக் கணக்கிட வேண்டும் என்பதற்காக ஏராளமான நூலகப் பொதிகளின் (பல செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்கள்) பெயர்களோடு டி64 என்ற ஒட்டு சேர்க்கப்பட்டது. அந்த வாரங்களில் முழு மேம்படுத்தலுக்கான கட்டளையைக் கொடுத்தால், நீக்கப்படவிருக்கும் பொதிகளின் பட்டியல் முனையத்தில் பத்தி பத்தியாக ஓடும்; சார்புகள் (ஒரு பொதி இயங்கத் தேவையான பிற பொதிகள்) பொருந்தாததால் மேசைச்சூழலே அந்தப் பட்டியலுக்குள் போய்விடக்கூடும். படித்துப் பார்த்து வேண்டாம் என்று அடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. படிக்காமல் என்டரைத் தட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு சிட் ஏற்றதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மேம்படுத்தும் முன் கடுமையான வழு ஏதும் பதிவாகியுள்ளதா என்று எச்சரிக்கும் ஏப்ட்-லிஸ்ட்பக்ஸ் என்ற சிறு கருவியும், பழைய பொதிகளை நாள்வாரியாகச் சேமித்து வைத்திருக்கும் டெபியனின் ஸ்னாப்ஷாட் களஞ்சியமும் சிட் பயனருக்கு இரு கைகள் மாதிரி.

இனி டெஸ்டிங். சிட்டில் ஒரு பொதி சில நாட்கள் காத்திருந்து (அவசரத்தைப் பொறுத்து இரண்டு, ஐந்து அல்லது பத்து நாட்கள்), அதற்குள் வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குப் புதிய வழு எதுவும் பதிவாகாமல், சார்புகளும் நிறைவேறினால், டெஸ்டிங்குக்குள் நுழையும். கேட்பதற்கு நல்ல சல்லடையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சல்லடை திருத்தங்களையும் சேர்த்தே தடுத்து நிறுத்துகிறது. ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டால், ஸ்டேபிளுக்குப் பாதுகாப்புக் குழு தனியாகத் திருத்தம் தருகிறது. சிட்டுக்குப் பொதியின் பராமரிப்பாளர் புதிய பதிப்பை ஏற்றிவிடுகிறார். டெஸ்டிங்குக்கோ அந்தப் பதிப்பு சிட்டிலிருந்து இறங்கி வரும்வரை காத்திருக்க வேண்டும். சார்ந்திருக்கும் நூலகம் டி64 போன்றதொரு பெருமாற்றத்தில் மாட்டிக்கொண்டால் நாட்கள் வாரங்களாகும். உடைந்த பொதிக்கும் இதே கதைதான்: சிட்டில் மறுநாளே சரியாகிவிடும் ஒன்று டெஸ்டிங்கில் நெடுநாள் உடைந்தபடியே கிடக்கலாம். போதாக்குறைக்கு, கடுமையான வழு தீராத பொதிகள் டெஸ்டிங்கிலிருந்து அடியோடு நீக்கப்படுவதும் உண்டு.

சரி, காத்திருப்பாவது தீங்கானவற்றை நிறுத்துகிறதா என்றால், அதற்கும் உறுதியில்லை. 2024 மார்ச் 29 அன்று வெளிச்சத்துக்கு வந்த எக்ஸ்இசட் பின்வாசல் விவகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். கோப்புகளைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட் யூட்டில்ஸின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த தீநிரல் சிட்டைக் கடந்து டெஸ்டிங்குக்கும் வந்துவிட்டிருந்தது. கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் நிரலாக்கரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். சிட் கணினியில் எஸ்எஸ்எச் வழியான (தொலைவிலிருந்து நுழையும் முறை) உள்நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் துருவிப் பார்த்தார். அப்போதைய ஸ்டேபிளில் இருந்தது 5.4.1 என்பதால் அது தப்பியது. பழைய 5.4.5-க்குப் பின்வாங்கிய பொதிக்கு டெபியன் கொடுத்த எண் 5.6.1+ரியலி5.4.5. எண் குறையக்கூடாது என்ற விதியையும் காத்து, உண்மையையும் சொல்லிவிட்ட அந்தக் குறும்பை நான் இன்னும் ரசிக்கிறேன்.

ஆகவே புதிய மென்பொருள்தான் வேண்டும் என்பவர் நேராக சிட்டுக்குப் போவதே மேல், மற்றவர்களுக்கு ஸ்டேபிள். ஸ்டேபிளில் இருந்தபடியே புதியவற்றைப் பெற வழியும் இருக்கிறது. டெஸ்டிங்கில் உள்ள பொதிகளை ஸ்டேபிளுக்கென்றே மறுபடி கட்டித் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைச் சேர்த்தால் புதிய கெர்னல் கிடைத்துவிடும், வன்பொருள் சிக்கல்களில் பெரும்பாலானவை அதிலேயே முடிந்துவிடும். படம் வரையும், காணொளி தொகுக்கும் செயலிகள் ஒன்றிரண்டு மட்டும் புதிதாக வேண்டுமென்றால் செயலியைச் சார்புகளோடு தனியாகக் கட்டித் தரும் ஃபிளாட்பேக் போதும். செய்யக்கூடாதது ஒன்றுதான்: ஒரே ஒரு செயலிக்காக ஸ்டேபிளின் களஞ்சியப் பட்டியலில் சிட்டின் வரியைச் சேர்ப்பது. அந்தச் செயலி புதிய சி நூலகத்தைக் கேட்கும். அந்த நூலகம் வந்தால் அதனோடு இன்னும் பல பொதிகள் மாறும். கடைசியில் இருப்பது ஸ்டேபிளும் அன்று, சிட்டும் அன்று. டெபியன்காரர்களே இதை ஃபிராங்கன்டெபியன் என்று கேலி செய்கிறார்கள்.

டெஸ்டிங் உண்மையிலேயே பொருந்தும் ஒரு பருவம் உண்டு: வெளியீட்டுக்கு முந்தைய உறைவுக் காலம். டிரிக்ஸிக்குக் கடும் உறைவு 2025 மே 15 அன்று தொடங்கியது. அதன்பின் புதிய பதிப்புகளின் வரத்து ஏறக்குறைய நின்று, திருத்தங்கள் மட்டுமே நுழைந்தன. அந்த மாதங்களில் புதுக் கணினி வாங்கியவர் டெஸ்டிங்கை நிறுவியிருந்தால் குறைசொல்ல முடியாது. ஆனால் அப்போதும் களஞ்சியப் பட்டியலில் டெஸ்டிங் என்று எழுதாமல், பதிப்பின் குறிப்பெயரையே எழுத வேண்டும். டிரிக்ஸி என்று எழுதியவர்கள் ஆகஸ்டு 9 அன்று எதுவும் செய்யாமலே ஸ்டேபிளில் நின்றார்கள்; டெஸ்டிங் என்று எழுதியவர்களின் கணினிகளில் உறைவின்போது தேங்கியிருந்த புதிய பொதிகள் அடுத்தடுத்த வாரங்களில் வந்து குவியத் தொடங்கின. டெபியன் 14-க்கு எழுத வேண்டிய பெயர் ஃபோர்க்கி.